நாற்பத்தைந்தில் மடிந்த தாள்

போன மாதம் எங்கள் பௌதிகவியல் துறையிலிருந்து ஓர் இளம் விரிவுரையாளர் அழைத்தார். ஓய்வுபெற்றவனைப் பழைய வேலையிடத்திலிருந்து அழைத்தால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஏதாவது அலுமாரிச் சாவி காணாமல் போயிருக்கும், அல்லது ஆண்டு மலருக்குக் கட்டுரை குறைந்திருக்கும்.

"சாவி கெடைச்சிருச்சு அண்ணே. கட்டுரைதான்," என்றார் அவர்.

என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"இப்பல்லாம் சிதறல் தரவைக் குடுத்தா மெஷினே வளைகோட்டைப் பொருத்திக் கையில குடுத்துருது. அந்தக் காலத்துல நீங்களும் மேடமும் அப்படி என்னதான் செஞ்சீங்கன்னு எழுதுங்க."

'அந்தக் காலம்' என்று அவர் சொன்னது, பெட்ரோல் வரிசையில் நாடே நின்ற வருடத்தை. எனக்கு அது நேற்று. ஐம்பத்தைந்தில் விருப்ப ஓய்வு எடுத்த என்னை வரலாற்றுக் காலத்து ஆள் ஆக்கிவிட்டார். சரி, ஆனது ஆகட்டும் என்று எழுத உட்கார்ந்தேன்.

என் பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் அது உண்மையிலேயே சுருக்கமானது. லிந்துலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து போய் ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தேன். கண்ணாடிச் சாமான்களை உடைக்காமல் கழுவுவதுதான் என்னிடம் எதிர்பார்க்கப்பட்ட திறமை. முதல் வாரத்திலேயே அது என்னிடம் இல்லையென்று தெரிந்துபோயிற்று. பிறகு துறைக்குக் கணினி வந்தது. கழுவத் தேவையில்லாத பொருள் என்பதால் என்னை அதன் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தார்கள். உட்கார்ந்தபடியே அதைப் பழகினேன். மீதி நேரத்தில் துறை நூலகத்தில் யாரும் தொடாத புத்தகங்களை வாசித்தேன். பாதி புரியவில்லை. ஆனால் புரியாத புத்தகத்தைப் புரிந்தவன் போலப் பிடித்துக்கொள்ளும் பக்குவம் வந்தது. பல்கலைக்கழகத்தில் அதற்கு நல்ல மதிப்பு.

இப்படியாக நான் கலாநிதி ராஜேஸ்வரி மேடத்தின் கணிப்பு உதவியாளன் ஆனேன்.

மேடம் கொட்டகலைக்காரர். அவருடைய ஆராய்ச்சி இலேசான, இறுக்கம் குறைந்த அணுக்கருக்களைப் பற்றியது. அவற்றில் அவருக்குப் பிரியமானது, ஆறு துகள்கள் கொண்ட லித்தியம் ஆறு. அது எனக்கும் பிடித்துப்போனது, ஏனென்றால் அதன் குணம் எனக்குத் தெரிந்த பல குடும்பங்களின் குணம். உள்ளே ஓர் ஆல்ஃபா, ஒரு டியூட்ரான் என்று இரண்டு சிறு கருக்கள். இரண்டும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன, ஆனால் தனிக்குடித்தனம் போவதற்கு ஒரு சின்னச் சாக்கு கிடைத்தால் போதும்.

இந்தக் கருவை இன்னொரு கருவின் மேல் ஏவுவார்கள். உடையாமல், உள்ளே ஒன்றும் கலங்காமல், வந்தபடியே திரும்பிப் போனால் அது மீள்தன்மைச் சிதறல். எந்தக் கோணத்தில் எத்தனை திரும்பின என்று எண்ணினால், நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது என்ன என்று ஊகிக்கலாம். வந்த விருந்தாளிகளில் எத்தனை பேர் எந்த வாசலால் வெளியே போனார்கள் என்பதை மட்டும் வைத்து, உள்ளே நடந்த சண்டையை எழுதுகிற வேலை.

சாதாரணக் கருக்கள் மெதுவாக வந்தால் ஒன்றையொன்று தள்ளிவிட்டு அப்படியே திரும்பிவிடும். லித்தியம் ஆறு அப்படியல்ல, மெதுவாக வந்தாலும் ஒரு பகுதி கிட்டே போகும்போதே பிரிந்துவிடும், அதனால் முழுதாகத் திரும்புவது குறையும். இதுதான் மேடத்தின் கட்டுரை சொன்னது. பல வருட வேலை அது. கணக்கில் இந்த இழப்பைக் காட்ட ஒரு கற்பனைப் பகுதி உண்டு. உண்மைப் பகுதி துகளை வளைக்கும், கற்பனைப் பகுதி விழுங்கும். "வீட்டிலயும் அப்படித்தான் மேடம், சம்பளத்தைக் கற்பனைதான் விழுங்குது," என்று ஒருமுறை சொன்னேன். மேடம் சிரிக்கவில்லை. "விழுங்கினது மையத்துலேருந்து எந்த ஆரத்துலன்னு சொல்லுங்க," என்றார்.

அவருடைய முறையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பதினெட்டு வருடமும் நான் அதைப் பற்றி முணுமுணுத்திருக்கிறேன்.

கணினி ஓடுவதற்கு முன், கோடு எப்படி வரும் என்று பென்சிலால் வரைந்து திகதி போட்டு வைப்பார். பிறகுதான் எனக்கு அனுமதி. கிடைத்த தரவு எந்த வடிவில் வந்தாலும், அதை வரைபடத் தாளில் கையாலேயே குறிக்க வேண்டும். நான் கோணத்தையும் அளவையும் வாசிப்பேன், அவர் புள்ளி வைப்பார். தோட்டத்தில் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, பெயர் கூப்பிடுவது போலவே இருக்கும். ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டும், ஒவ்வொன்றும் வந்து தன் இடத்தில் நிற்க வேண்டும். வராத புள்ளிக்குக் காரணம் கேட்பார்.

"மெஷின் ஒரு நொடியில போட்டுருமே மேடம்."

"போட்டுரும். ஆனா பாக்காது."

இன்னொரு பழக்கம். கோடு புள்ளிகளோடு அழகாகப் பொருந்திவிட்டால் நாங்கள் எல்லோரும் தேநீர் குடிக்கப் போவோம். அவர் மட்டும் போகமாட்டார். "நமக்குப் பிடிச்ச மாதிரி வந்திருக்கு மருதமுத்து. இன்னொரு தடவை பாருங்க," என்பார். பொருந்தாவிட்டால் அமைதியாக இருப்பார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய அதியுச்சப் பாராட்டு "பரவாயில்ல" என்பது. அதை நான் சேவைக்காலம் முழுவதிலும் பெற்றது ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். அதிலும் ஒன்று நான் கொண்டுபோன முறுக்குக்கு.

இனி அந்த வருடம்.

பல்கலைக்கழகம் மூடியிருந்தது. வீட்டிலிருந்து வேலை செய்யும்படி அறிவித்திருந்தார்கள். வீட்டில் மின்சாரம் எப்போது இருக்கும் என்பதை மட்டும் யாரும் அறிவிக்கவில்லை. மேடம் கொட்டகலையில் அண்ணன் வீட்டில் இருந்தார். நான் லிந்துலையில். அந்த நேரத்தில்தான் ஆய்விதழின் ஆசிரியரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது.

வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் மேடத்தின் கட்டுரை தவறு என்று எழுதியிருந்தார். லித்தியம் ஆறை லித்தியம் ஆறின் மேலேயே மோதவிட்டு அளந்த புதிய தரவு ஒன்று, எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் தரவு வங்கியில் சேர்ந்திருந்தது. அவர் அதை எடுத்து மேடத்தின் கோட்டோடு ஒப்பிட்டிருக்கிறார். மோதவிட்டு அளந்த ஐந்து வேகங்களில், எங்கள் மொழியில் சக்திகளில், நான்கில் கோடு ஒரு பக்கம், புள்ளிகள் ஒரு பக்கம். ஒன்றில் மட்டும் பொருந்தியது. அது தற்செயல் என்று ஒரு வரியில் முடித்திருந்தார். மேடம் பதில் சொல்லலாம், அல்லது கட்டுரையைத் தாமாகவே மீளப்பெறலாம் என்றார் ஆசிரியர். அடுத்த மாதம் மேடத்துக்குப் பேராசிரியர் பதவிக்கான நேர்முகம். அந்தக் கட்டுரையை நம்பித்தான் விண்ணப்பமே.

நான் தொலைபேசியில் ஆத்திரப்பட்டேன். மேடம் ஆத்திரப்படவில்லை. "பிழைன்னா நானே எழுதி வாபஸ் வாங்கிருவேன். ஆனா பிழைன்னு எனக்குத் தெரியணும். வர முடியுமா?" என்றார்.

வர முடியுமா என்பது அந்த வருடத்தில் பௌதிகவியலை விடக் கடினமான கேள்வி. பஸ் இல்லை. ஃபேக்டரிக்குப் போகும் தேயிலைக் கொழுந்து லொறியில், கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில், மடிக்கணினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனேன். அணுக்கரு ஆராய்ச்சிக்கு அப்படி எடையோடு எடையாகப் போய் இறங்கிய ஆள் உலகில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எங்கள் ஆய்வுகூடம் கொட்டகலைக் கடைத்தெருவில் நிஸ்தார் நானாவின் போட்டோகொப்பிக் கடை. காரணம், அவரிடம் ஜெனரேட்டர் இருந்தது. நானா நல்ல மனிதர். எதைக் கண்டாலும் லேமினேட் செய்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கிருந்த பலவீனம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை என்று தெருவில் பாதிப் பேருடைய வாழ்க்கை அவருடைய பிளாஸ்டிக்குக்குள் இருந்தது. கடையின் பின்பக்கம் ஒரு கேரம் பலகை. மின்சாரம் இல்லாத நேரத்தில் வியாபாரிகள் அதில்தான் பொழுதைப் போக்கினார்கள். அதாவது நாள் முழுவதும்.

"மேடம், இன்னும் நாலஞ்சு போட்டோகொப்பி சேரட்டும். சேர்ந்ததும் ஜெனரேட்டரைப் போட்டுர்றேன். ஒங்க கணக்கும் அதோட ஓடிரும்," என்றார் நானா.

கொப்பி எடுக்க வந்தவர்களின் தயவில் கணக்கு ஓடியது. கணக்கில் கருவின் இழுப்பை ஒரு கிணறாகத்தான் காட்டுவோம். அந்தக் கிணற்றின் ஆழத்தை மாற்றினோம், விளிம்பை மாற்றினோம், கற்பனைப் பகுதியைக் கூட்டினோம், குறைத்தோம். நான்கு சக்திகளும் அசையவில்லை. புள்ளிகளின் ஏற்ற இறக்கம் கோட்டின் ஏற்ற இறக்கத்தை விட இரண்டு மடங்கு நெருக்கமாக இருந்தது. எந்தக் கிணறும் அப்படி ஆடாது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்தது.

"சரி, மேடம். அவ்வளவுதான்," என்றேன். என் மூளைக்கும் அன்று டீசல் இல்லை.

"தாள் இருக்கா?" என்றார் மேடம்.

இருந்தது. இந்தத் தரவை நாங்கள் இன்னும் கையால் குறிக்கவில்லை. ஜெனரேட்டர் ஓடும் நேரத்தை வீணாக்கக் கூடாதென்று பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தோம். ஜன்னலோரம் முக்காலியைப் போட்டோம். வெளியே மூடுபனி வெள்ளையாக நின்றது, நல்ல வெளிச்சம். நான் வாசித்தேன், அவர் வைத்தார். பத்துப் பாகையில் தொடங்கி எண்பது வரை. பின்னால் நானாவும் பக்கத்துக் கடைக்காரரும் சிவப்புக் காயினுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதல் தாள் முடிந்தது. மேடம் அதைத் தூரப் பிடித்துப் பார்த்தார். பிறகு இன்னும் தூர. பிறகு தாளை நாற்பத்தைந்து பாகைக் கோட்டில் மெதுவாக மடித்து, ஜன்னல் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தார்.

இந்தப் பக்கத்துப் புள்ளிகளின் மேல் அந்தப் பக்கத்துப் புள்ளிகள் வந்து உட்கார்ந்தன. ஒவ்வொன்றும்.

அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பதை நானாவுக்கு அன்று விளக்கியது போலவே இங்கும் விளக்குகிறேன். பலகையில் இரண்டு காயின். ஒரே எடை. ஒன்று நிற்கிறது, மற்றது வந்து சரிவாக இடிக்கிறது. இரண்டும் எப்போதும் செங்கோணத்தில் பிரிந்து போகும். ஒன்று முப்பதில் போனால் மற்றது அறுபதில் போகும். காயினில் கறுப்பு, வெள்ளை உண்டு. லித்தியம் ஆறில் இல்லை. இடித்தது எது, இடிபட்டது எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே முப்பதில் எண்ணினாலும் அறுபதில் எண்ணினாலும் கதை ஒன்றுதான். நாற்பத்தைந்து ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி.

ஆனால் இது சுவரோரம் நின்று பார்ப்பவனின் கோணம். கணக்குப் போடுகிறவர்கள் அங்கே நிற்பதில்லை. மோதும் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, கூடவே போய்க்கொண்டு பார்ப்பார்கள். அங்கிருந்து பார்த்தால் எல்லாக் கோணமும் இரட்டிப்பாகும். கண்ணாடி தொண்ணூறில் நிற்கும். தரவின் தலைப்பு 'நடுவிலிருந்து பார்த்த கோணம்' என்று சொன்னது. புள்ளிகள் நாற்பத்தைந்தில் மடிந்தன. அளந்தவர்கள் மேல் குற்றமில்லை. வங்கியில் பதியும்போது யாரோ கோணத்தின் தலைப்பை மட்டும் மாற்றிப் போட்டிருக்க வேண்டும். என்னைப் போல் ஒருவர், ஏதோ ஒரு நாட்டில், சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன். அதை எடுத்தவர்கள் எல்லோரும் கோப்பை அப்படியே இயந்திரத்துக்கு ஊட்டியிருக்கிறார்கள். நாங்களும்தான்.

"அப்ப மேடம் வென்டாச்சு!" என்றார் நானா. ஸ்ட்ரைக்கரால் பலகையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இன்னும் இல்ல நானா."

"என்னா மேடம் நீங்க? கேம் முடிஞ்சி போச்சு, இன்னும் ஆடணும்ங்கிறீங்க."

நானும் அவர் கட்சிதான். "இப்பவே எழுதி அனுப்புங்க மேடம். அந்த மனுசன் மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும்."

மேடம் பென்சிலைத் துடைத்து வைத்தார். "நான் ரொம்ப ஆசைப்பட்ட பதில் இது. அதனால இத நம்பக்கூடாது. மத்த நாலையும் போடுங்க. ஒரு சக்திதான் அன்னைக்கே பொருந்திச்சு, இல்லையா? நான் நினைக்கிறது சரின்னா, அது மட்டும் நாப்பத்தஞ்சுல மடியக்கூடாது. தொண்ணூறுலதான் மடியணும். அதுவும் நாப்பத்தஞ்சுல மடிஞ்சா, நான் வேற ஏதோ ஒன்ன பாத்து ஏமாந்திருக்கேன். வாபஸ் கடிதம் அனுப்பிருவேன்."

அந்தக் கடிதத்தை அவர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாம் தாள் நாற்பத்தைந்தில் மடிந்தது. மூன்றாவது மடிந்தது. நான்காவதும். கேரம் நின்றுவிட்டது. போட்டோகொப்பிக்கு வந்த இரண்டு பேர் எதற்கு வந்தோம் என்பதை மறந்து நின்றார்கள். ஐந்தாம் தாளுக்கு ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை வாசித்தேன். அதில் புள்ளிகள் இருபதிலிருந்து நூற்று அறுபது வரை போயின. கோப்பாகப் பார்த்தபோது அந்த வித்தியாசம் யார் கண்ணிலும் பட்டிருக்கவில்லை.

மேடம் அதை என்னிடம் நீட்டினார். "நீங்க மடிங்க. என் கை எனக்கு வேணும்ங்கிற பக்கம் போகும்."

முதலில் நாற்பத்தைந்தில் மடித்தேன். புள்ளிகள் ஒன்றையொன்று அறியாதவை போல நின்றன. பிரித்து, தொண்ணூறில் மடித்து, கண்ணாடியில் வைத்தேன்.

உட்கார்ந்தன.

நானா கைதட்டினார். கொப்பிக்கு வந்தவர்களும் கைதட்டினார்கள். மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி சேலைத் தலைப்பால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு முந்தைய திகதி போட்ட பென்சில் கோடுகளை எடுத்துவரச் சொன்னார். கோணங்களை இரட்டிப்பாக்கிப் புள்ளிகளை மறுபடி வைத்தோம். மூன்று சக்திகளில் கோடு புள்ளிகளின் வழியே போயிற்று. மிகக் குறைந்த சக்தியில் மட்டும் பின்கோணங்களில் கொஞ்சம் விலகியது.

"அந்தளவு விலகினது யாருக்கும் தெரியாது மேடம்," என்றேன்.

"எனக்குத் தெரியுதே," என்றார். பதிலில் அதையும் எழுதினார்.

அந்தப் பதிலையும் உடனே அனுப்பவில்லை. தரவை அளந்த குழுவுக்கு முதலில் எழுதிக் கேட்டார். பதில் வரவில்லை. ஆசிரியர் கேட்ட நாள் வந்தது. "கோணத்தலைப்பில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, உறுதியில்லை, அவகாசம் வேண்டும்" என்று மட்டும் எழுதினார். நேர்முகமும் வந்தது. கட்டுரை மீதான குற்றச்சாட்டைக் கேட்டபோது அங்கேயும் அதே வசனத்தைத்தான் சொன்னார். மடித்த தாள்கள் கைப்பையில் இருந்தன. எடுத்துக் காட்டவில்லை. முடிவைத் தள்ளிவைத்துவிட்டார்கள். "ஏன் மேடம் காட்டல?" என்று நான் கிட்டத்தட்டக் கத்தினேன்.

"அளந்தவங்க இன்னும் சொல்லல மருதமுத்து. அவங்க தரவு அது. நான் மடிச்சதால அது என்னோடது ஆயிருமா?"

நானாக இருந்தால் அந்தத் தாள்களை நெற்றியில் ஒட்டிக்கொண்டு போயிருப்பேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டது போல் அதன் பின்னால் எல்லாம் வந்தன. அளந்தவர்கள் நன்றி சொன்னார்கள். நான்கு சக்திகளின் தலைப்பு தவறு, ஐந்தாவது சரி. தரவு வங்கி திருத்தியது. குற்றம் சொன்ன ஆய்வாளர் தன் கடிதத்தைத் தானே மீளப்பெற்று, மேடத்துக்கு நீளமாக, மரியாதையாக எழுதினார். குறைந்த சக்தியில் அந்தச் சின்ன விலகலை இருவரும் சேர்ந்து ஆராயலாமா என்றும் கேட்டிருந்தார். அதிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. பேராசிரியர் பதவியும் வந்தது, கொஞ்சம் தாமதமாக.

செய்தியைச் சொல்ல மேடமும் நானும் நானாவின் கடைக்குப் போனோம். நானா எங்களை உட்காரவைத்துவிட்டு உள்ளே ஓடினார். அன்று மேடம் கடையில் மறந்துபோய் விட்டுவந்த முதல் தாளைக் கொண்டுவந்தார். மேடத்துக்கு அவருடைய அன்பளிப்பு. தாளை நன்றாக விரித்து, நடுவிலிருந்த மடிப்பை இஸ்திரி போட்டு நீக்கி, கனமான பிளாஸ்டிக்கில் நான்கு பக்கமும் லேமினேட் செய்திருந்தார்.

நான் தலையில் கைவைத்தேன். "நானா! அது மடிக்கிற தாள், நானா! இனி எப்படி மடிக்கிறது?"

நானாவின் முகம் விழுந்துவிட்டது. மேடம் அந்தப் பிளாஸ்டிக் தாளை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். புள்ளிகள் இரண்டு பக்கமும் பளபளவென்று நின்றன. நடுவில் மடிப்பின் தழும்பு, இஸ்திரிக்கும் அடங்காமல், மெல்லிய கோடாகத் தெரிந்தது.

"நல்லதுதான் நானா," என்றார். "இனி யாரும் அவங்கவங்களுக்கு வேணும்ங்கிற எடத்துல மடிக்க முடியாது."

இன்னும் கொஞ்சம் பார்த்தார்.

"பரவாயில்ல," என்றார்.